இன்டர்நெட்டில் ஆபீஸ் பேக்குக்கு மாதம் 250 ரூபாய் கூடுதலாம். இது நெட் நியூட்ராலிட்டிக்கு (இணையத்தில் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதற்கு) எதிரானது இல்லையா?

மிளகுக்கொடி (நாகலூர், ஏற்காடு) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கிக் கேட்டால் "ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்று பதில் வருகிறது. அதை நான் 2 வருடமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

நாகலூர் தாண்டி உள்ளே ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டத்தில் எங்கள் வீடு. காப்பியும் மிளகும் வீட்டுக்காரர் பொறுப்பு. நான் சென்னையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20-ம் தேதி 3பி, இரண்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஏற்றக் கடைசி நாள். இந்த இரண்டு நாட்களும் எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் தேவையில்லாமல் வாய் கொடுக்க மாட்டார்கள். வேலை முழுக்க அலுவலகத்து விபிஎன் (அலுவலகக் கம்ப்யூட்டரோடு நெட் மூலம் இணைக்கிற தனி வழி) வழியாக, அங்கே இருக்கிற டேலி என்ற கணக்கு மென்பொருளில்.

எங்கள் பக்கம் வருவது ஒரே ஒரு ஃபைபர் லைன். முன்பு கேபிள் டிவி கொடுத்துக்கொண்டிருந்த தம்பிதான் இப்போது இன்டர்நெட்டும் கொடுக்கிறார். 50 எம்பிபிஎஸ், வரியோடு 589 ரூபாய். சில்வர் ஓக் மரத்துக்கு மரம் கட்டி இழுத்து வந்த கேபிள். மிளகுக் கொடி ஏறியிருப்பதும் அதே மரங்களில்தான். மிளகு பறிக்க ஏணி சாத்தியபோது ஒரு தடவை அறுந்தது, காட்டெருமை கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போனது ஒரு தடவை. அதற்கெல்லாம் யாரைக் குறை சொல்வது? போன் போட்டால் தம்பி மழையில் நனைந்துகொண்டு வந்தாவது ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

பிரச்சினை இரவில். 7.30 மணிக்கு மேல் விபிஎன் இழுக்க ஆரம்பிக்கும். டேலியில் ஒரு எண்ணைத் தட்டினால் அது திரைக்கு வந்து சேர 4 விநாடி. மீட்டிங்கில் என் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பதை மேலாளர் ஒரு தடவை படம் பிடித்தே அனுப்பினார். அதே நேரத்தில் கூடத்தில் சின்னவள் டிவியில் யூடியூப் பார்க்கிறாள். ஒரு சுற்றல் இல்லை, திக்கல் இல்லை, பளிங்கு மாதிரி ஓடுகிறது. அதே ரவுட்டர், அதே கம்பி. பாட்டுக்கு வழி இருக்கிறது, பிழைப்புக்கு இல்லை.

போன 20-ம் தேதி சனிக்கிழமை. வேறு வழியில்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காப்பி காயப்போடும் களத்துக்குப் போனேன். மொபைல் சிக்னல் நிலையாக நிற்பது அங்கே தண்ணீர்த் தொட்டி மேல்தான். ஆனால் சனி, ஞாயிறு மலை ஏறி வருகிற கூட்டம் ரோட்டை மட்டும் அடைப்பதில்லை, டவரையும் அடைக்கிறது. 3 கட்டம் சிக்னல் காட்டும், ஒன்றும் நகராது. போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து இரவு 11.40-க்கு ரிட்டர்ன் ஏற்றினேன்.

மறுநாள் தம்பியிடம் சொன்னபோது, "அக்கா, நீங்க ஆபீஸ் பேக் போட்டுக்குங்க. மாசம் 250 கூட. விபிஎன், மீட்டிங் எதுவும் கட் ஆகாது" என்றார்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. யூடியூப்புக்குத் தனி விலை இல்லை, என் வேலைக்கு மட்டும் தனி விலையா? 2015-ல் இதற்காகத்தானே நாடு முழுக்கச் சத்தம் போட்டார்கள்? சட்டம் இருக்கிறதா, இருந்தால் மலையில் செல்லுமா? வேறு கம்பெனிக்கு மாறுங்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மாற இன்னொன்று இருந்தால் நான் ஏன் இங்கே வந்து கேட்கிறேன்.

*

ஜூனியர் வக்கீல் (அஸ்தம்பட்டி, சேலம்) எழுதியது:

அக்கா, சட்டம் இருக்கிறது. மலை, சமவெளி என்று பாகுபாடு இல்லாமல் செல்லும்.

2015-ல் நான் என்ஜினியரிங் இரண்டாம் வருடம் (வக்கீல் வேலை அப்புறம் வந்த புத்தி). 2014 டிசம்பரில் ஏர்டெல், நெட் வழியாகப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. 2015 மார்ச்சில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்), நெட் வழிச் சேவைகளுக்கு என்ன விதி வைப்பது என்று 118 பக்கத்தில் ஒரு கலந்தாய்வு அறிக்கை போட்டது. எங்கள் ஹாஸ்டலில் அதைப் படித்தவன் ஒருவன்கூட இல்லை, ஆனால் ஒரே ராத்திரியில் மொத்த விங்கும் நெட் நியூட்ராலிட்டி வேண்டும் என்று டிராய்க்கு மெயில் தட்டினோம். பக்கத்து அறைப் பையன் தூங்கிவிட்டான், அவன் பெயரில் நானே அனுப்பினேன். இப்படி நாடு முழுவதிலிருந்தும் 10 லட்சத்துக்கு மேல் மெயில் போனது. டிராய் என்ன செய்தது தெரியுமா? அனுப்பியவர்களின் முகவரியோடு சேர்த்து அத்தனையையும் இணையத்தில் போட்டுவிட்டது.

நடுவில் ஃபேஸ்புக் காரர்களின் இன்டர்நெட்.ஆர்க். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் சிம்மில் வந்தது. முதலில் கிடைத்த 6 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. குறிப்பிட்ட சில தளங்கள் இலவசம், மற்றதற்குக் காசு. பிறகு பெயரை ஃப்ரீ பேசிக்ஸ் என்று மாற்றினார்கள்.

இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி 2016 பிப்ரவரி 8. எந்தத் தளம், எந்தச் செயலி என்பதைப் பார்த்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது என்று டிராய் விதி போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். 2018-ல் அடுத்த கட்டமாக, ஒரு தளத்தைத் தடுப்பது, வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பது, ஒன்றை மட்டும் முன்னே தள்ளுவது எதுவும் கூடாது என்பது உரிம நிபந்தனையிலேயே சேர்ந்தது. அமெரிக்காவில் 2015-ல் விதி கொண்டுவந்து, 2017-ல் எடுத்து, 2024-ல் திரும்பக் கொண்டுவந்து, 2025 ஜனவரியில் கோர்ட்டில் அடிபட்டு என்று ஊஞ்சல் ஆடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நாம் உறுதியாக நிற்கிறோம்.

"விபிஎன்னுக்கு 250" என்று அவரை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து எண் வாங்குங்கள், சரியாகவில்லை என்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிக்காது. ஆனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், டெலிகாம் சேவையும் அதற்குள் வரும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மனு நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம், கொஞ்சம் மிளகு போதும்.

*

பழைய கேபிள் (அம்மாப்பேட்டை, சேலம்) எழுதியது:

வக்கீல் தம்பி சொன்ன சட்டம் அத்தனையும் சரி. ஆனால் நாடி பார்க்காமலே மருந்து எழுதிவிட்டார்.

நான் 1996-லிருந்து கேபிள் டிவி நடத்தியவன். 2017-லிருந்து 2022 வரை இன்டர்நெட் ஃப்ரான்சைஸியும் எடுத்து ஓட்டினேன், அப்புறம் முட்டி தேய்ந்து விற்றுவிட்டேன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

யூடியூப் ஓடுகிறது, விபிஎன் ஓடவில்லை என்பதை வைத்து மட்டும் யாரோ அமுக்குகிறார்கள் என்று முடிவு கட்ட முடியாதும்மா. உங்கள் ஊர் மளிகைக் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் கடையில் எப்போதும் இருப்பு இருக்கும், கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பார். ஏதோ ஒரு மருந்து, ஒரு மிக்சி பிளேடு என்று கேட்டால் கீழே லீ பஜாரிலிருந்து வண்டி ஏறி வர வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அந்த வண்டி எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். அதற்காகக் கடைக்காரர் பருப்பு கம்பெனியோடு கூட்டு என்று சொல்ல முடியுமா?

யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் மாதிரிப் பெரிய கம்பெனிகள் எல்லோரும் கேட்கிற வீடியோவை இன்டர்நெட் கம்பெனியின் இடத்திலேயே ஒரு பெட்டியில் இருப்பு வைத்துவிடுகிறார்கள். அதைத்தான் நாங்கள் கேச் என்போம். அதிலிருந்து வருவதற்குக் கம்பெனிக்கு ஆகிற செலவு கம்மி. உங்கள் சென்னை அலுவலகத்து டேலி எந்தப் பெட்டியிலும் இருப்பு இருக்காது. அது உங்கள் ஆபரேட்டர் மேலே பெரிய கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்குகிற பேண்ட்வித்தில்தான் (டேட்டா போய்வரும் பாதையின் அளவு) வர வேண்டும். 2018 விதியிலும் இந்த மாதிரி இருப்பு வைப்பதை விட்டுவிட்டார்கள், தம்பி சரிபார்த்துக்கொள்ளட்டும்.

அடைப்பு உங்கள் மரத்துக் கம்பியில் இருக்காது. வீடுகளுக்கு ஃபைபரை அனுப்புகிற ஓஎல்டி பெட்டியில் ஒரு போர்ட்டுக்கு இரண்டரை ஜிபி வரும், ஸ்ப்ளிட்டர் போட்டு 64 வீடு வரைக்கும் பிரிக்கலாம், தாராளம். மேலே எவ்வளவு வாங்குகிறார் என்பதில்தான் சூட்சுமம். 50 எம்பிபிஎஸ் என்று 100 வீட்டுக்கு விற்கிறவர் 5,000 வாங்கி வைத்திருப்பார் என்று நினைத்தீர்களா? எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது. பகலில் பலிக்கும். ராத்திரி எட்டு மணிக்குப் பலிக்காது.

நானே ஒன்று செய்தேன், இப்போது சொன்னால் என்ன. 2018-ல் டோரன்ட் போட்டு (பெரிய பெரிய ஃபைல்களைப் பகிர்ந்து இறக்குகிற முறை) இழுக்கிற பையன்களால் ராத்திரி என் லைன் மூச்சு முட்டியது. டோரன்டை மட்டும் பிடித்து அரை எம்பிக்கு அமுக்கச் சொன்னேன். மறுநாளிலிருந்து புகாரே இல்லை. தப்பா என்றால் தப்புதான், தம்பி சொல்கிற விதிக்கு நேர் எதிர். ஆனால் அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. ஏன் என்றால் எங்கள் பக்கத்தில் ஆபரேட்டர்கள் நாங்கள் 5 பேரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, மசால் வடை ஆறுவதற்குள், உன் தெருவுக்கு நான் வரமாட்டேன், என் தெருவுக்கு நீ வராதே என்று பேசி முடித்திருந்தோம். எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒப்பந்தம். டிராய்க்குத் தெரியுமா? தெரிந்தாலும் வடையை எப்படிப் பிடிப்பார்கள்?

சரி, சோதனைக்கு வாருங்கள். விபிஎன்னை அணைத்துவிட்டு வேகச் சோதனை செய்யுங்கள். தானாகத் தேர்வாகிற சர்வர் பெரும்பாலும் உங்கள் கம்பெனியுடையதாகவே இருக்கும், அது எப்போதும் 50 காட்டும், நம்பாதீர்கள். மும்பை ஒன்று, சிங்கப்பூர் ஒன்று என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். விடிகாலையில் ஒரு தடவை, ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை. விபிஎன் மட்டும் மெதுவாக இருந்தால் யாரோ அமுக்குகிறார்கள் என்று சந்தேகப்படலாம். யூடியூப் தவிர எல்லாமே மெதுவாக இருந்தால் சரக்கு போதவில்லை. முதலாவதற்கு வக்கீல் தம்பியிடம் போங்கள், இரண்டாவதற்கு நெட் நியூட்ராலிட்டி விதியில் மருந்து இல்லை.

*

கொலுசுப் பட்டறை (செவ்வாய்ப்பேட்டை, சேலம்) எழுதியது:

நான் கொஞ்சம் எதிர்ப்பேச்சு பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த இலவச நெட்டைத் தடுத்ததில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. என் பட்டறையில் பொடி வைத்துப் பற்றவைக்கிற பையன் ஒருவன் அந்த ரிலையன்ஸ் சிம் வைத்திருந்தான். அப்போது டேட்டா என்ன விலை? அவன் கூலிக்கு அது எட்டாது. வேலை வாய்ப்புத் தளம், செய்தி என்று ஓசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். ஹாஸ்டலில் உட்கார்ந்து மெயில் தட்டிய நீங்கள் அவனைக் கேட்டீர்களா?

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு முழு இன்டர்நெட் வந்தது சட்டத்தால் இல்லை, 2016 செப்டம்பரில் ஜியோ வந்து விலையை உடைத்ததால். இன்று என் தெருவில் 4 கம்பெனிக் கேபிள் தொங்குகிறது. ஒருவர் 399 என்பார், அடுத்தவர் இரண்டு மாதம் இலவசம் என்பார். போன வருடம் லைன் ஒரு நாள் முழுக்கப் போனது. அடுத்த நாள் காலையில் வேறு ஆள் ஏணியோடு வந்து நிற்கிறான். கூப்பிடவே இல்லை, மூக்கில் வியர்த்திருக்கிறது. உங்கள் பிரச்சினை நெட் நியூட்ராலிட்டி இல்லைம்மா, நீங்கள் 4,000 அடிக்கு மேல் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. ராத்திரி லைனை அடைப்பது யார்? வீடியோ. வீடியோவில் சம்பாதிப்பது யார்? கூகுள். கம்பி இழுக்கிறவனுக்கு அவன் ஏன் பங்கு தரக் கூடாது?

*

ஜூனியர் வக்கீல் எழுதியது:

அண்ணா, அந்தப் பங்கைத்தான் நம் மொபைல் கம்பெனிகளின் சங்கமும் சில வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தென் கொரியாவில் 2016 முதல் கம்பெனிகளுக்கிடையே டேட்டா அனுப்புகிறவர் பணம் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்று ட்விட்ச் என்ற நேரலை வீடியோ தளம் 2024 பிப்ரவரியில் அந்த நாட்டை விட்டே போய்விட்டது. கூகுளால் கொடுக்க முடியும். நாளைக்கு உங்கள் கொலுசுக்கு ஒருவன் வீடியோ தளம் தொடங்கினால் அவனால் முடியுமா?

அந்தப் பையனைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. கேட்கவில்லைதான்.

பழைய கேபிள் ஐயா, கேச் பற்றிச் சொன்னது சரி, விதிவிலக்கு இருக்கிறது. மிளகு போச்சு.

*

மிளகுக்கொடி எழுதியது:

மூன்று நாள் சோதித்துவிட்டேன். விடிகாலை 5.30-க்கு: தானாக வந்த சர்வர் 49, மும்பை 46, சிங்கப்பூர் 41. இரவு 9.10-க்கு: தானாக வந்த சர்வர் 48 (ஐயா சொன்ன மாதிரியே சிரித்துக்கொண்டு நிற்கிறது), மும்பை 3.2, சிங்கப்பூர் 1.9. விபிஎன் போட்டாலும் அணைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. புடவைக் கடைத் தளம் ஒன்றைத் திறந்து பார்த்தேன், படங்கள் மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாக இறங்கின, முந்தானை வருவதற்குள் எழுந்து போய்விட்டேன். ஆக, என் வேலையை மட்டும் யாரும் குறி வைக்கவில்லை. எல்லாமே மெதுவாகத்தான் இருக்கிறது, வீடியோ மட்டும் கடைக்கு உள்ளே இருக்கிறது.

நேற்று தம்பி வசூலுக்கு வந்தார். காப்பி கொடுத்து உட்கார வைத்துக் கேட்டேன். இந்த எண்களைக் காட்டியதும் அவர் முகம் மாறியது. அப்புறம் ஒளிக்காமல் சொன்னார்: கேச் போக மேலே வாங்குவது 300 எம்பி. வீடுகள் 400. கீழிருந்து மலைக்கு ஏற்றிக் கொண்டுவருகிற செலவு சேலத்தில் இருப்பவருக்கு இல்லையாம்.

"ஆபீஸ் பேக் என்றால் என்ன தம்பி?" என்றேன். அந்த 300-ல் 100-ஐத் தனியாகப் பிரித்து, கூடுதல் கட்டுகிற 40 வீட்டுக்கு விட்டிருக்கிறார். விபிஎன், யூடியூப் என்று பிரிக்கவில்லை, அந்த வீட்டுக்கு எது போனாலும் தனி வழி. சட்டப்படி அது விலை அதிகமான பிளான், அவ்வளவுதான், இல்லையா? ஆனால் கணக்குப் பார்க்கிறவள் நான், பேனா தானாகவே ஓடிவிட்டது. 40 வீட்டுக்கு 100, மீதி 360 வீட்டுக்கு 200. முன்பு ஒரு வீட்டுக்கு முக்கால் எம்பி வந்த இடத்தில் இப்போது அரை எம்பி சொச்சம். என் இரவு இப்படி இழுப்பதற்கு ஒரு காரணமே அந்த ஆபீஸ் பேக்தான். நானும் 250 கட்டினால் கீழ் வீட்டில் நர்சிங் படிக்கிற பெண்ணின் வகுப்பு இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

தம்பிமேல் கோபப்படவும் முடியவில்லை. காட்டெருமைக் கேபிளை இருட்டில் ஒட்டியவர் அவர்தான்.

*

ஓய்வு பெற்ற லைன்மேன் (சூரமங்கலம், சேலம்) எழுதியது:

நான் ஏற்காடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 9 வருடம் இருந்தவன். அந்த மலையில் எந்தக் கம்பம் எந்த மழைக்குச் சாயும் என்று இன்றும் சொல்வேன். அதனால் ஒரு பழைய கதை.

2004-ல் அகலப்பட்டை (பிராட்பேண்ட்) கொள்கை வந்தது. அப்போது அகலப்பட்டை என்றால் 256 கேபிபிஎஸ், அதாவது கால் எம்பி, சிரிக்காதீர்கள். அதற்கு முன்பு டிராய் ஒரு பரிந்துரை கொடுத்திருந்தது: வீடு வீடாகப் போயிருக்கிற பிஎஸ்என்எல் செம்புக் கம்பியைத் தனியார் கம்பெனிகளும் வாடகைக்கு எடுத்து நெட் கொடுக்கலாம் என்று. அரசு அதைக் கட்டாயமாக்கவில்லை, வேண்டுமானால் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. நான் அன்றைக்கு யூனியன் கொடி பிடித்துக்கொண்டு, எங்கள் கம்பியை அடுத்தவனுக்குக் கொடுக்காதே என்று கோஷம் போட்டவன். எங்கள் வேர்வையில் இழுத்த கம்பி, ஏன் கொடுக்க வேண்டும்? இப்போது யோசித்தால், அன்றைக்குக் கொடுத்திருந்தால் ஒரே கம்பியில் நாலு கடை வந்திருக்கும். கொடுக்கவில்லை. செம்பும் போச்சு, அவரவர் தனித்தனியாகக் கம்பி இழுக்கிறார்கள், இழுக்க லாபம் உள்ள செவ்வாய்ப்பேட்டையில் நாலு தொங்குகிறது, நாகலூரில் ஒன்று.

பாரத்நெட் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் ஃபைபர் பஞ்சாயத்து அலுவலகங்களுக்குப் போகிறது, தமிழ்நாட்டுக்கு 12,525 ஊராட்சிகள் கணக்கு. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் பெட்டி ஒளிர்கிறதா, அங்கிருந்து வீட்டுக்கு இணைப்பு கொடுக்க யாராவது எடுத்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். போனில் கேட்டால் "இருக்குங்க" என்றுதான் சொல்வார்கள்.

*

கொலுசுப் பட்டறை எழுதியது:

டிஷ் வைத்துச் சாட்டிலைட் நெட் வருகிறதே. ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் உரிமமே கொடுத்துவிட்டார்கள். மலைக்கு அதுதான் சரி.

*

மிளகுக்கொடி எழுதியது:

அண்ணா, காப்பிக்கு நிழல் வேண்டும் என்று 40 வருடம் முன்பு மாமனார் வைத்த சில்வர் ஓக் நாலு பக்கமும் நிற்கிறது. எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து வானம் ஒரு தாம்பாளம் அளவுக்குத்தான் தெரியும். சாட்டிலைட்டுக்காக மரத்தை வெட்டினால் வீட்டுக்காரர் என்னை வெட்டுவார்.

லைன்மேன் ஐயா சொன்னபடி ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பெட்டி இருக்கிறது, விளக்கும் எரிகிறது. அலுவலகத்து வேலை அதில்தான் நடக்கிறது. வீடுகளுக்கு யாரும் இன்னும் எடுக்கவில்லை.

அங்கே நின்றபோதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. வேறொரு கம்பெனியின் ஃபைபர் ரோட்டு வளைவு வரை வந்து நிற்கிறதாம். அவர்களுடைய ஆளைப் பிடித்தேன். வளைவிலிருந்து எங்கள் வீட்டுக்கு 900 மீட்டர். ஒரு வீட்டுக்காக இழுக்க முடியாது, 4 வீடாவது முன்பணம் கட்டினால் வேலை தொடங்கலாம் என்கிறார். மின்கம்பம் இல்லாத இடத்தில் நாமே கம்பம் நட வேண்டுமாம். மூங்கில் வேண்டாம், இரும்புக் குழாய் நட்டால் காட்டெருமை முதுகு சொறியாது என்று வீட்டுக்காரர் அதற்குள் அளவெடுக்கவே போய்விட்டார்.

*

பழைய கேபிள் எழுதியது:

ஒன்று மட்டும் கவனம். புது ஆளிடம் மேலே எவ்வளவு வாங்குகிறார், எத்தனை வீடு என்று முதலிலேயே கேளுங்கள். சொல்லத் தயங்கினால் தள்ளிப் போங்கள். அவரும் உங்கள் தம்பியும் ஒரே டீக்கடையில் உட்காருகிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது லைன் வருகிறது என்ற செய்தி உங்கள் தம்பி காதுக்குத் தானாகப் போய்ச் சேரட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். 300 எம்பி எப்படி 500 ஆகிறது என்று பாருங்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. 2021-ல் ஒரு வெளி ஆள் எங்கள் ஒப்பந்தத்தை மதிக்காமல் தெருவுக்குள் கம்பி இழுத்தான். அதே வாரம் நான் பேண்ட்வித்தை இரட்டிப்பாக்கினேன், டோரன்ட் அமுக்கலையும் எடுத்துவிட்டேன். அந்தப் பையன்களுக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

*

மிளகுக்கொடி எழுதியது:

கடைசித் தகவல். புது ஆளிடம் கேட்டேன், எண்ணைத் தயங்காமல் சொன்னார், எழுதியும் கொடுத்தார். 4 வீடு சேர்ந்துவிட்டது. நாங்கள், நர்சிங் பெண் வீடு, மேலே தங்கும் விடுதி நடத்துகிற ஓய்வு பெற்ற டீச்சர். நாலாவது வீடுதான் கிடைக்காமல் ஒரு வாரம் இழுத்தது. நேற்று ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு ஒருவர் வந்து முன்பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேபிள் தம்பியின் சொந்தத் தாய்மாமன்.